கல்லுக்கு யார் வைத்த பெயர்?

வானை நோக்கி எகிப்தியர் நிறுத்திய ஒற்றைக்கல் தூண்களைப் பார்த்த கிரேக்கர்கள் வைத்த பெயர் 'ஒபெலிஸ்கோஸ்'. பொருள்: இறைச்சி வாட்டும் சின்னக் கம்பி! நிறுத்தியவர்கள் சொன்ன 'தெகென்' வழக்கொழிந்தது. வந்தவர்கள் வைத்த பெயர்தான் 'ஒபெலிஸ்க்' என்று உலகெங்கும் நிலைத்தது.

கேரள-தமிழக எல்லையிலும் ஏறக்குறைய இதே கதைதான். இடுக்கி மாவட்டம் மறையூரின் பாறை மேடுகளில், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. மக்கள் வழக்கில் அவை 'முனியறை'. முனிவர்கள் தங்கிய அறைகளாம். உண்மையில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. எழுப்பியவர்கள் அவற்றை என்னவென்று அழைத்தார்கள்? மறையூர்க் கற்களில் எழுத்து இல்லை.

மலைக்குக் கிழக்கே எழுத்துள்ள கற்கள் கிடைத்தன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு நட்டது. அந்த வாசகத்தின் முதல் சொல், 'கல்'. அடைமொழி எதுவும் இல்லை. அடுத்து வருவது ஊரும் ஆளின் பேரும்தான்.

மறையூரில் பல அறைகள் சரிந்தும் உடைந்தும் கிடக்கின்றன. கற்களும் போய்விட்டால் முனிவர் கதை மட்டும் மிஞ்சும். அங்கே நினைக்கப்பட்ட மனிதர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.