ஒட்டகங்கள் ஏன் இரவில் நடந்தன?

கடல்வழிச் சரக்குகள் – 9

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டியெடுத்த ஆம்போரா சாடி ஓடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றில் கணிசமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயின் சாடி வகை. அந்தத் தீவு ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். சாடியின் உட்புறத்தில் பிசினும் பூசுவார்கள். நெடும்பயணத்தைத் தாங்கும் பலம் சரக்குக்குள்ளேயே இருந்தது. போதாததற்கு, எகிப்தின் கொப்டோஸிலிருந்து பெரெனிகே துறைமுகம்வரை இந்தியாவுக்கான சரக்குகள் சென்ற பன்னிரண்டு நாள் பாலைவன வழியில், வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள், பகலில் தங்குமிடங்களில் ஓய்ந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மனிதருக்கும் ஒட்டகத்துக்குமான அந்த ஏற்பாட்டின் பலன் சரக்குக்கும் கிடைத்திருக்கும்.

இன்றைய ஒயினில் பொதுவாக உப்பும் இல்லை, பிசினும் இல்லை. சூட்டிலிருந்து காக்கும் பொறுப்பு முழுவதும் பயணத்தின் தலையில் விழுகிறது. 750 மில்லி பாட்டில் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால், உள்ளிருக்கும் திரவம் நான்கைந்து மில்லி விரியும். தக்கைக்கும் ஒயினுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான். தக்கை மேலே தள்ளப்படும், ஓரமாகக் கசியும். ஆறும்போது காற்று உள்ளே போகும். கழுத்தை மூடிய உறையைத் திருகிப் பார்த்துச் சுழலாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், கசிந்து காய்ந்திருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். இந்தச் சேதம் பெரும்பாலும் கடலில் நேர்வதல்ல. கப்பலின் அடித்தளத்தில் வெப்பம் கடல்நீரை ஒட்டி, ஏறியிறங்காமல் இருக்கும். சென்னைத் துறைமுக யார்டில் மே மாத வெயிலில் நிற்கும் சாதாரண இரும்புக் கன்டெய்னரின் கூரையடியில் 50 டிகிரியைத் தாண்டும். சுங்கத்துக்காகக் காத்திருக்கும் நாட்கள், புதுச்சேரிவரை சுமார் 150 கிலோமீட்டர் லாரி ஓட்டம், தகரக்கூரை குடோன்: ஆபத்தெல்லாம் கரையில்தான். நாசிக்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலையிலேயே வரும் நம் நாட்டு ஒயினுக்கும் இதே கதிதான்.

சூடு ஒயினுக்கு ஆகாது என்றால் மதெய்ரா ஒயின் எப்படி வந்தது, பாஸ்டர் ஏன் ஒயினைச் சூடாக்கினார் என்று கேட்கலாம். மதெய்ராவில் தனியாகச் சாராயம் சேர்க்கிறார்கள். வேண்டுமென்றே சூடாக்கி வரவழைத்த சுவை அது. மென்மையான வெள்ளை ஒயினில் அதே சுவை வந்தால் கெட்டுவிட்டது என்றுதான் பொருள். 1860களில் பாஸ்டர் செய்தது கிருமியைக் கொல்ல, காற்றுப் படாமல், சிறிது நேரம் மட்டும் சூடாக்கியது. யார்டில் ஒயின் வேகுவது நாள்கணக்கில்.

செலவு கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. குளிர்சாதனக் கன்டெய்னர் விலை கூடியதுதான். ஆனால் அது துறைமுகம்வரை மட்டும் குளிர்ந்து, பிறகு மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டால், கொடுத்த பணம் கடலில் போட்டதாகும். சின்ன வியாபாரிக்கு மலிவான வழிகளும் உண்டு: நவம்பர் முதல் ஜனவரிக்குள் சரக்கு வந்திறங்கும்படி ஆர்டர் கொடுப்பது, பெட்டிகளுக்கு வெப்பத்தடுப்புப் போர்வை போடுவது, லாரியைப் பொழுது சாய்ந்தபின் கிளப்பி விடியுமுன் இறக்குவது. கடைசியாகச் சொன்னதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. பாலைவன வணிகர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்த முறை அது. குளிர்பெட்டிக்குப் பணம் ஒதுக்குமுன் கரையில் நிற்கும் மணிநேரங்களைக் குறைப்பதே முதல் வேலை.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது பிரெஞ்சுச் சரக்குகளின் பயணத்தை எப்படி மாற்றியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)