கட்டட ஒப்பந்தத் தொழிலில் அதிகாரப் பத்திரம்

மொழிபெயர்ப்பு நமது தொழில் என்று அறிந்த தமிழன்பர்கள் சிலர், மாலை வேளைகளில் காகிதக் கட்டுகளோடு நம் இல்லம் தேடி வருவதுண்டு. சில காலத்துக்கு முன், தில்லியில் கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்தும் இளைஞர் ஒருவர் அவ்வாறு வந்தார். தொழில் தந்தையார் பெயரில் பதிவாகியிருந்தது. தந்தையார் முதுமை காரணமாக ஊருக்குத் திரும்பிவிட்டார். புறப்படுமுன் மகனுக்கு ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் தந்தையாரின் கையொப்பம் தமிழில் இருந்தது. அதனை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது நமக்கே வியப்பு மேலிட்டது. ஊரிலுள்ள வீட்டை விற்க மகனுக்கு அதிகாரம் இருந்தது. நிலத்தை அடமானம் வைக்க அதிகாரம் இருந்தது. முடித்த வேலைக்குப் பில் தொகை பெற்று ரசீது கொடுக்க மட்டும் அதிகாரம் இல்லை! வீடு விற்பதற்கென்று எவரோ வைத்திருந்த மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பித் தந்திருக்கிறார்கள்.

பிற மாநிலங்களில் ஒப்பந்தத் தொழில் செய்யும் நம்மவர் குடும்பங்களில் இத்தகைய பத்திரம் இல்லாத வீடு அரிது. ஆகவே அதன் பலத்தையும் பலவீனத்தையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் பேச்சு வழக்கில் இது ‘பவர்’. வடநாட்டுக் கச்சேரிகளில் ‘முக்தார்நாமா’ என்பார்கள். சட்ட அகராதிகள் எழுதிக் கொடுப்பவரை ‘முதல்வர்’ என்றே குறிக்கின்றன. வேறொரு முதல்வர் நினைவுக்கு வருவாராதலின், நாம் எழுதிக் கொடுப்பவர், முகவர் என்றே வழங்குவோம். அதிகாரப் பத்திரச் சட்டம் என்று 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது மிகச் சிறியது. முகவர் உறவின் உண்மையான இலக்கணம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 182-ஆம் பிரிவு முதல் 238-ஆம் பிரிவு வரை அமைந்திருக்கிறது.

அந்த இலக்கணத்தின் சாரம் இதுவே: எழுதிக் கொடுப்பவர் தம் கையை இரவல் தருகிறார், தொழில் அவருடையதாகவே நிற்கிறது. முகவர் இடும் கையொப்பம் எழுதிக் கொடுத்தவரைக் கட்டும். இலாபம் அவருக்கு, கடனும் அவருக்கே. வேலைத்தலத்தில் சாரம் சரிந்து தொழிலாளி ஒருவர் காயமுற்றால், இழப்பீட்டுக் கோரிக்கை ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் பெயருக்குத்தான் வரும்.

நீதிமன்றங்கள் இப்பத்திரத்தை மிகக் கண்டிப்பாகவே பொருள் கொள்கின்றன. எழுதப்பட்ட அதிகாரமும், அதனை நிறைவேற்ற இன்றியமையாத செயல்களும் மட்டுமே முகவருக்கு உண்டு. ‘என் சார்பில் எல்லாக் காரியங்களையும் செய்யலாம்’ என்று இறுதியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த வரியும் மேலே சொன்ன அதிகாரங்களை ஒட்டியே பொருள் பெறும். புதிய அதிகாரம் எதனையும் அது பிறப்பிக்காது. டெண்டரில் கையொப்பமிடல், முன்வைப்புத் தொகையைக் கட்டித் திரும்பப் பெறுதல், ஒப்பந்தம் எழுதல், அளவைப் புத்தகத்தில் அளவுகளை ஏற்றுக் கையொப்பமிடல், பில் தொகை பெற்று ரசீது தருதல், சிமெண்டும் கம்பியும் வாங்குதல், மேஸ்திரிகளையும் ஆட்களையும் அமர்த்துதல், வங்கிக் கணக்கை இயக்குதல், வரிப் பதிவுகளைக் கவனித்தல் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும்.

இன்னும் மூன்று அதிகாரங்களை விசேஷமாகச் சிந்தித்து எழுதவேண்டும். கடன் வாங்கும் அதிகாரம் ஒன்று. வழக்கை நடுவர் தீர்ப்புக்கு விடும் அதிகாரம் மற்றொன்று. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறுதிப் பில் வரும்போது ‘இனி எனக்குக் கோரிக்கை எதுவும் இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா? அந்த ஒரு கையொப்பம் இலட்சக்கணக்கான பாக்கியை அழித்துவிடக்கூடும். அதனை முகவரே இடலாமா, பெரியவரைக் கேட்ட பின்னரே இடவேண்டுமா என்பதைப் பத்திரத்திலேயே தீர்மானித்துவிடுவது நலம்.

மத்திய பொதுப்பணித் துறையின் டெண்டர் விதிகள் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றன. கூட்டு நிறுவனம் டெண்டர் கொடுத்தால் பங்காளிகள் ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். வர இயலாதவருக்காக அதிகாரப் பத்திரம் பெற்றவர் கையொப்பமிடலாம். ஆனால் அப்பத்திரத்தை டெண்டரோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். மின்வழி டெண்டர் வந்தபின் ஒரு புதிய பழக்கமும் முளைத்திருக்கிறது. தந்தையாரின் பெயரில் உள்ள மின்னணுக் கையொப்பச் சாதனத்தையும் அதன் இரகசிய எண்ணையும் மகன் வைத்துக்கொண்டு இயக்குகிறார். அச்சாதனம் எவர் பெயரில் உள்ளதோ அவர் வசமே இருக்கவேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கருத்து. பத்திரத்தைக் காட்டி, முகவர் தம் பெயரிலேயே ஒன்று பெற்றுக்கொள்வதே முறை.

கையொப்பமிடும் விதத்திலும் கவனம் தேவை. ‘இன்னாருக்காக, அவருடைய அதிகாரம் பெற்ற முகவர் இன்னார்’ என்று எழுதியே கையொப்பமிட வேண்டும். எழுதிக் கொடுத்தவர் பெயரை மறைத்துத் தம் பெயரை மட்டும் எழுதினால், செங்கல் விற்றவர் முகவரையே பொறுப்பாளியாகப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்த நடவடிக்கைகளில் தாம் செய்தவற்றைப் பற்றி முகவர் சாட்சி சொல்லலாம். எழுதிக் கொடுத்தவர் மட்டுமே நேரில் அறிந்தவற்றை அவருக்குப் பதிலாகச் சொல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர், தமக்குத் தொடர்பே இல்லாத வேறொருவருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று கழிவு பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடும் வழக்கமும் உண்டு. இதனைப் ‘பெயர் கொடுத்தல்’ என்று நயமாகச் சொல்கிறார்கள். நம் அபிப்பிராயத்தில் இதைவிட ஆபத்தான சம்பாத்தியம் இல்லை. பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகள், பொறியாளரின் அனுமதியின்றி வேலையைப் பிறருக்கு மாற்றுவதையும் உள்வாடகைபோல் விடுவதையும் தடுக்கின்றன. பத்திரம் அங்கே கவசமாகாது. குற்றத்துக்குச் சான்றாகவே அமையும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். எழுதிக் கொடுத்தவர் காலமானால் அதிகாரமும் அன்றே முடிகிறது. அவர் சித்தசுவாதீனம் இழந்தாலும் அப்படியே. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது. நம் வீட்டுக்கு வந்த இளைஞர் முகம் வாடியது இந்த இடத்தில்தான். ‘இரத்து செய்ய இயலாதது’ என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதே என்றார். அவ்வாறு எழுதுவதனால் மட்டும் பயனில்லை. பத்திரத்துக்குப் பொருளான சொத்தில் முகவருக்கே தனிப் பாத்தியதை இருந்தால்தான் 202-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடைக்கும். சம்பளமோ கழிவோ வரும் என்ற எதிர்பார்ப்பு பாத்தியதை ஆகாது. பெரியவர் மறைந்தபின் மகன் செய்யக்கூடியது, 209-ஆம் பிரிவின்படி, வாரிசுகளின் நலனுக்காக உள்ளதைக் காத்து வைப்பது மட்டுமே. அதோடு, ஒப்பந்தக்காரர் இறந்தால் இழப்பீடின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையும் பொதுப்பணித் துறையின் நிபந்தனைகளில் அரசாங்கத்துக்கு உண்டு. பாதி எழும்பிய சுவரும், கொடுபடாத பில்லும், வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் குடும்பமுமாக முடிந்த தொழில்களை நாம் கண்டிருக்கிறோம்.

தந்தையார் திடமாக இருக்கும்போதே தொழிலைக் கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாற்றிக்கொள்வது நல்ல வழி. கூட்டு நிறுவனமானால் மூவராவது பங்காளிகளாக இருக்கட்டும். ஒருவர் மறைவினால் நிறுவனம் கலையாது என்ற வாசகமும் பத்திரத்தில் இருக்கட்டும். தந்தையும் மகனும் மட்டுமே பங்காளிகள் என்றால், ஒருவர் மறைந்தபின் எஞ்சிய ஒருவர் தனியே நிறுவனம் ஆகமாட்டார். தாயாரையும் சேர்த்துக்கொள்ளுமாறு அந்த இளைஞருக்குச் சொன்னோம். இம்மாறுதலுக்குத் துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும்.

அதிகாரத்தைத் திரும்பப் பெற விரும்புவோர், முகவருக்குக் கடிதம் எழுதிவிட்டதோடு நின்றுவிடலாகாது. மற்றவர்களைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரிந்த பின்னரே அது செல்லும். ஆதலால் வங்கி, பொறியாளர் அலுவலகம், சாமான் கடைக்காரர் அனைவருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புதலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தமிழ்நாட்டில் எழுதிய பத்திரத்தை வேறு மாநிலத்தில் பயன்படுத்தும்போது, வித்தியாசத் தொகை கட்ட நேரலாம். நோட்டரி முன்னிலையில் எழுதி, அவரால் சான்றளிக்கப்பட்ட பத்திரத்தை நீதிமன்றம் முறையாக எழுதப்பட்டதென்றே அனுமானித்துக்கொள்ளும். எழுதும் மொழி எதுவாயினும், கையொப்பமிடுபவருக்குத் தமிழில் படித்துக் காட்டி, அவ்வாறு படித்துக் காட்டப்பட்டதென்று அடியில் ஒரு குறிப்பும் சேர்க்கவேண்டும். அந்த இளைஞர் மறுமாதம் புதிய பத்திரத்தின் நகலுடன் ஊருக்குப் புறப்பட்டார். வீடு விற்கும் வரியை நாமே சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தோம்.