எந்தப் பொன்னையா, எந்தத் தாயி?

புவனகிரிக்காரர்களுக்கு வேங்கடநாதர் என்ற பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூரில் பிறந்த ராகவேந்திரருக்கு, துறவு கொள்வதற்கு முன் இருந்த பெயர் அது. வீணையில் தேர்ந்தவர் என்பதும் ஊரறிந்த சேதி. அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் காஞ்சி தூப்புலில் பிறந்த இன்னொரு வேங்கடநாதர்தான் வேதாந்த தேசிகர். இருவரையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இருவருக்கும் நூல்கள் உண்டு, சீடர் வரிசை உண்டு, ஆண்டுதோறும் நினைத்துக் கொண்டாட ஆட்கள் உண்டு.

ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் அப்படியொரு காவல் வாய்க்கவில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்துவிட்டால், புகழ் பெற்றவரின் கணக்கில் மற்றவரின் உழைப்பும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம் வழக்கப்படி பெயருக்கு முன்னால் ஊரும் தகப்பனும் நிற்பார்கள். எம்.கே. ராதாவும் எம்.ஆர். ராதாவும் நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள். இருவருக்கும் முதலெழுத்து மெட்ராஸ். இரண்டாம் எழுத்துதான் பிரிக்கிறது: அவர் கந்தசாமி மகன், இவர் ராஜகோபால் மகன். ஓரெழுத்து போதுமானதாக இருந்தது.

எல்லா இடத்திலும் அது போதாது. டி.ஆர். மகாலிங்கம் என்றதும் ‘ஸ்ரீவள்ளி’யில் பாடி நடித்தவர் நினைவுக்கு வருவார். அவர் சோழவந்தான் பக்கத்துத் தென்கரை, தகப்பனார் ராமகிருஷ்ணன். அதே காலத்தில் புல்லாங்குழலில் இன்னொரு டி.ஆர். மகாலிங்கம் இருந்தார். திருவிடைமருதூர், தகப்பனார் ராமசாமி. ரசிகர்களுக்கு அவர் ‘மாலி’. ஊரெழுத்தும் தகப்பன் எழுத்தும் பெயரும் அப்படியே ஒன்று. ‘டி.ஆர். மகாலிங்கம் கச்சேரி’ என்று மட்டும் ஒரு பழைய நோட்டீஸ் கிடைத்தால், பக்கவாத்தியக்காரர் யார், எந்தச் சபா, எந்த ஆண்டு என்று பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. இவர்கள் இருவருமே புகழ் பெற்றவர்கள், அதனால் தப்பித்தார்கள். ஒருவர் மட்டும் புகழ் பெற்றிருந்தால் மற்றவர் காணாமல் போயிருப்பார்.

அடுத்த சிக்கல் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். தஞ்சை நால்வர் என்று அழைக்கப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நாட்டியத்துக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்கள். அதே வம்சத்தில் வந்தவர் கே. பொன்னையா பிள்ளை. 1888இல் பிறந்து 1945இல் மறைந்த அவர், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அவர் மகன் கே.பி. சிவானந்தம் வீணைக் கலைஞர். பார்த்தீர்களா, பொன்னையாவும் திரும்பி வந்துவிட்டார், சிவானந்தமும் திரும்பி வந்துவிட்டார். ஊர் ஒன்று, குடும்பம் ஒன்று, தொழில் ஒன்று. இங்கே ஊரை வைத்துப் பிரிக்க வழியில்லை, ஆண்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு உருப்படியின் கீழே வெறும் ‘பொன்னையா பிள்ளை’ என்று அச்சிட்டிருந்தால், எந்தப் பொன்னையா என்று கேட்காமல் பக்கத்தைப் புரட்டக் கூடாது.

இவர்களெல்லாம் ஆண்கள். பெண்கள் பக்கம் வந்தால்தான் மனசு கனக்கிறது. இசைத்தட்டு இந்தியாவுக்கு வந்தது 1902இல். முதல் இருபது ஆண்டுகளில் அதில் பாடியவர்களில் கணிசமானோர் பெண்கள். வடக்கே கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜானின் தாயாரை ‘படீ மல்கா ஜான்’, அதாவது பெரிய மல்கா ஜான், என்பார்கள். அதே பெயரில் இன்னும் மூன்று பாடகிகள் அப்போது இருந்ததால் மூத்தவருக்கு அந்த அடைமொழி. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் தாயி என்று இசைத்தட்டில் ஊர் போட்டார்கள். தகப்பன் எழுத்து கிடையாது. ஊர் விட்டுப்போனால் ஆள் போனாள்.

கோயம்புத்தூர் தாயியின் இயற்பெயர் பழனிக்குஞ்சரம். 1872இல் பிறந்தார், பிறகு சென்னைக்குக் குடிவந்தார், திருவொற்றியூர் தியாகய்யரிடம் பாடம் கேட்டார், 1917இல் மறைந்தார். 1912இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவர் பாட்டில் மயங்கி, தம் இசையிலும் அதன் சாயலைக் கொண்டுவந்தார். இவ்வளவு பெரிய கலைஞரின் பெயரிலேயே இரட்டைச் சிக்கல். ‘தாயி’ என்ற பெயரால் இன்னொருவரோடு கலந்துவிடலாம்; ‘பழனிக்குஞ்சரம்’ என்று ஓரிடத்தில் வந்தால் வேறொரு பெண் என்று எண்ணிவிடலாம்; சென்னை முகவரி கண்டால் கோயம்புத்தூர்க்காரர் இல்லை என்று ஒதுக்கிவிடலாம்.

இந்தக் கஷ்டம் நமக்குப் புதிதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலைச் சேர்ந்த தெருக்களில் குடியிருந்த ஆடல் மகளிரை, தஞ்சைக்கு வரவழைத்தான். அவர்களில் பல பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்வெட்டு என்ன செய்கிறது? எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு நூறு கலம் நெல், ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்து. நெல் தப்பான கைக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை, நானூறு பெண்களையும் தனித்தனி மனுஷியாக நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

அந்தக் கல்வெட்டின் முறையைத்தான் நாமும் பின்பற்ற வேண்டும். முதலில், ஒரே பெயரில் கிடைக்கும் சான்றுகளை ஒரே தாளில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தாள், எங்கே கிடைத்தது, எந்த ஆண்டு என்று தலையில் எழுதுங்கள். பிறகு ஊர், தாய் அல்லது தகப்பன், குரு, பக்கவாத்தியம் என்று நிரப்புங்கள். பெயர் தவிர இரண்டு விஷயமாவது ஒத்துவந்தால்தான் இரண்டு தாளை ஒன்றாக்கலாம்.

ஆண்டு நல்ல சல்லடை. மைக் வைத்து மின்முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் 1925க்குப் பிறகுதான் வந்தது. அந்த முறையில் பதிவான தட்டில் ‘தாயி’ என்றிருந்தால், அது 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயி ஆக முடியாது. தட்டின் லேபிளுக்கு அருகே பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான காலத்தை அது காட்டிக்கொடுக்கும். பழைய பத்திரிகைகளுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்கு பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’, ஆடல் மகளிருக்கு அவருடைய ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ ஆகிய நூல்கள் கைவிளக்கு.

கடைசியாக, வீட்டு வாசல். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடுவதை அது தடை செய்தது, அது நியாயமான மாற்றம். ஆனால் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய தேவதாசிக் குடும்பங்கள் பாட்டியின் கலையையும் சேர்த்து மறைத்துக்கொண்டன. அப்படிப்பட்ட வீட்டில் போய்க் கேட்கும்போது குருவைக் கேளுங்கள், பாட்டைக் கேளுங்கள். சொல்ல விரும்பாததைக் கிளறாதீர்கள். அவர்கள் சம்மதமில்லாமல் ஒரு வரியும் அச்சேற்றாதீர்கள்.

எவ்வளவு தேடியும் பிரிக்க முடியாமல் போனால், இரண்டு தாளையும் இரண்டாகவே விட்டுவிடுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து சேர்த்துக்கொள்வார். தவறாக ஒன்றாக்கிவிட்டால், உள்ளே இன்னொருத்தி இருக்கிறாள் என்று தேடவே யாருக்கும் தோன்றாது. புவனகிரியிலோ சிதம்பரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ உங்கள் வீட்டில் பாடியவர், ஆடியவர், கூத்துக் கட்டியவர் படம் இருந்தால், இன்றைக்கே அதன் பின்பக்கம் பெயரோடு ஊர், தாய் தகப்பன், குரு, ஆண்டு என்று எழுதிவையுங்கள். தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது.