சபையில் அமர்வதும் சபையில் பேசுவதும்

2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின் எமது கிராமத்துப் பெண் ஒருவர் பிரதேச சபை உறுப்பினரானார். போரில் கணவனை இழந்து, தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் மகிழ்ந்தோம். அப்போது வயதான அம்மா ஒருவர் கேட்டார்:

"பிள்ளை, அவ அங்க போய் இருக்கிறதால எங்கட குழாயில தண்ணி வருமோ?"

எம்மில் எவருக்கும் பதில் தெரியவில்லை.

இதே கேள்வியை ஆராய்ந்த அரசறிவியல் அறிஞர் ஒருவரைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். அவர் பெயர் ஹன்னா பிட்கின். 1931இல் பேர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிகளின் ஆட்சியில் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்றவர். இடப்பெயர்வின் துயரை அறிந்த எமக்கு அவர் அந்நியர் அல்லர். பிரதிநிதித்துவம் பற்றி 1967இல் அவர் எழுதிய நூல் இன்றும் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகின்றது.

எம்மைப் போன்ற ஒருவர் சபையில் இருப்பது ஒருவகைப் பிரதிநிதித்துவம் என்கிறார் பிட்கின். எமக்காக ஒருவர் செயற்படுவது இன்னொரு வகை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. மக்களின் விருப்பத்துக்கு மாறாக ஒரு பிரதிநிதி நடக்க நேர்ந்தால், அதற்கான காரணத்தை மக்களுக்கு விளக்கவும் அவர் கடமைப்பட்டவர்.

எமது நாட்டில் 2016இலும் 2017இலும் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. முன்னர் ஏறக்குறைய 2 வீதமாக இருந்த பெண்களின் பங்கு, 2018இல் ஐந்தில் ஒன்றுக்கு மேலாக உயர்ந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் வட்டாரத்தில் வென்றவர்கள் அல்லர். கட்சிப் பட்டியல் வழியாக வந்தவர்கள். எமது உறுப்பினரும் அப்படித்தான். "உனக்கு வட்டாரம் இல்லை, பேசாமல் இரு எண்டு சொல்லுகினம் அக்கா" என்று ஒருநாள் என்னிடம் கண் கலங்கினார்.

அப்படியானால் இட ஒதுக்கீடு வீணா? இல்லை. இந்தியாவில் 1993ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் கிராம ஊராட்சித் தலைமைப் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டூப்ளோ என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் இதன் விளைவை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீர், வீதி பற்றியே. பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகள் அவ்விரண்டுக்குமே கூடுதலாகச் செலவிட்டிருந்தன.

அங்கே அப்பெண்களின் கையில் தலைமைப் பதவி இருந்தது. இங்கே எமது பெண்கள் பலர் சாதாரண உறுப்பினர்களே. அவர்கள் தனித்து நின்றால் குரல் எடுபடாது. பின்னால் நாம் நிற்க வேண்டும்.

சபைக் கூட்டத்துக்கு முன் உறுப்பினரை மாதர் சங்கத்துக்கு அழையுங்கள். உங்கள் தேவைகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன பேசினார், என்ன பதில் கிடைத்தது என்று கேளுங்கள். வீதிக்கும் விளக்குக்கும் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்பதை, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் சபை தனது முடிவை அறிவிக்க வேண்டும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே மாதத் தேர்தல் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்களே இருக்கவில்லை. அந்த வெறுமையை அனுபவித்த நாம், கிடைத்த வாய்ப்பைக் கைநழுவ விடலாமா?

அந்த அம்மாவுக்கு இன்று என்னிடம் பதில் உண்டு: "அவ அங்க இருக்கிறதால மட்டும் தண்ணி வராது அம்மா. அவ விடாமல் கேட்டால் வரலாம். அவவைத் தனிய விடாமல் கேட்க வைக்கிறது எங்கட வேலை."