ஹந்தானை அடிவாரத்தில் ஒளிந்திருக்கும் புள்ளிவிபரம்: தெரியுமா?

பாலம் கட்டப் போகிறவனுக்கு நிகழ்தகவு எதற்கு என்று முணுமுணுக்காத பொறியியல் மாணவன் உண்டா? ஹந்தானை மலையடியில், மகாவலிக் கரையில் இருக்கும் பேராதனைப் பொறியியற் பீடத்திலும் அந்த முணுமுணுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அவனை அந்தப் பீடத்துக்குள் விட்டதே ஒரு புள்ளிவிபரச் சூத்திரம்தான், தெரியுமா?

ஆம், இசட் புள்ளி! உயர்தரப் பெறுபேறு வந்த அன்று வீடே கூடி நின்று நாலு தசமதானம் வரை உற்றுப் பார்க்கிறதே, அதே எண்தான். 2001 உயர்தரப் பரீட்சையோடு அது நடைமுறைக்கு வந்தது. வகுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே பேராதனையில் விவசாய பீடத்தைச் சேர்ந்த புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில்! வயலையும் விளைச்சலையும் அளக்கும் துறையிலிருந்து வந்த ஒருவரின் கணக்குத்தான் இன்று நாட்டின் எந்திரிகளைத் தெரிவு செய்கிறது.

கணக்கு எளிது. எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். இணைந்த கணிதத்தில் ஒருவர் 60 எடுக்கிறார் என்று வையுங்கள். இடை 30, நியம விலகல் 20 என்றால் அவருக்கு 1.5. இரசாயனவியலில் 70 எடுத்திருந்தாலும், அங்கே இடை 50, நியம விலகல் 20 என்றால் 1.0தான். 60 என்ற புள்ளி 70ஐத் தோற்கடித்துவிட்டது! மூன்று பாடத்துக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் இசட் புள்ளி ரெடி.

இதற்கு முன்பு? 1971இல் பேராதனையில் பொறியியல் படிக்க 400க்கு எத்தனை வேண்டியிருந்தது தெரியுமா? சிங்கள மொழிமூல மாணவருக்கு 227. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250! மொழிக்கொரு வெட்டுப்புள்ளி வைத்த அந்தத் தரப்படுத்தல் என்ற சொல் தமிழ் வீடுகளில் இன்றும் கசப்பது சும்மா இல்லை. யாரை யாரோடு ஒரே கூட்டமாகச் சேர்ப்பது என்ற கேள்வியில்தான் எல்லாம் கிடக்கிறது. இசட் புள்ளியும் அதில் ஒருமுறை சறுக்கியது. 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் எழுதியவர்களை ஒன்றாகக் குழைத்துக் கணித்துவிட்டார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் அந்தக் கணிப்பே செல்லாது, தனித்தனியாகக் கணியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. இடையும் நியம விலகலும் நீதியரசர்கள் முன் நின்ற நாடு நம்முடையது!

ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருப்பது தெரியும். 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் அது. நவீன புள்ளிவிபரவியலின் மிகப் பிரபலமான பரிசோதனையும் தேநீரில்தான் நடந்தது, தெரியுமா? இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, பாலை முதலில் ஊற்றினார்களா தேயிலைச் சாயத்தை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். (பிளேன்டீ குடிக்கும் நமக்கு இந்தச் சண்டையே இல்லை.) அங்கிருந்த ரொனால்ட் ஃபிஷர் இதை 8 கோப்பைப் பரிசோதனையாக வகுத்தார்: நாலு இப்படி, நாலு அப்படி, வரிசை மட்டும் கண்டபடி. எட்டில் நாலைத் தெரிவு செய்ய 70 வழிகள். ஆகவே குருட்டுவாக்கில் எல்லாம் சரியாக வர 70இல் ஒரு வாய்ப்புத்தான்! 1935இல் வந்த ஃபிஷரின் நூலில் இந்தக் கோப்பைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு.

இதைவிட ஆச்சரியம் கேளுங்கள். ஃபிஷரோடு சேர்ந்து உருளைக்கிழங்குப் பயிர் ஆய்வை 1929இல் வெளியிட்ட டி. ஈடன், பிறகு எங்கே வேலை செய்தார் தெரியுமா? இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில்! தேயிலைத் தோட்டப் பரிசோதனைகளில் வரும் பிழைகளை அலசி 1931இலேயே கட்டுரை எழுதிவிட்டார். மலைச்சரிவில் மேல் வரிசைச் செடியும் கீழ் வரிசைச் செடியும் ஒரே அளவு கொழுந்து தருமா? தராது. அப்படியானால் கூடுதல் கொழுந்து உரத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா? இதைப் பிரித்தறியத்தான் நிலத்தைத் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்று குலுக்கிப் போடும் ஃபிஷர் முறை. மாணவர்கள் திட்டித் தீர்க்கும் மாறற்பகுப்பாய்வு இப்படி வயலில் பிறந்த பிள்ளைதான்.

சரி, மகாவலிக்கு வருவோம். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் வந்து போனபின் நூறு வருடம் நிம்மதி என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! எந்த ஆண்டிலும் 100இல் 1 வாய்ப்பு என்பதே அதன் பொருள். கரையில் 30 வருடம் குடியிருந்தால் ஒருமுறையாவது பார்க்க 26 வீத வாய்ப்பு. நாலு வருடப் படிப்புக்குள்ளேயே கிட்டத்தட்ட 4 வீதம்.

நிகழ்தகவு வகுப்பறைக்குள்ளும் இப்படி ஏமாற்றும். 40 பேர் கொண்ட வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர 89 வீத வாய்ப்பு உண்டு. கேக்குக்குக் காசு சேர்ப்பவர்கள் கவனிக்க.

கடைசியாக, கொங்கிறீற்று. தரம் 25 என்று வரைபடத்தில் போட்டால் 28ஆம் நாள் உடைக்கும் கனக்கட்டைகளில் 100க்கு 5 வரை அந்தப் பலத்துக்குக் கீழே போகலாம் என்றே அர்த்தம், தெரியுமா? அதனால் 25ஐ நினைத்துக் கலந்தால் சரிவராது. நியம விலகலை 1.64ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வேலைத்தளத்தில் நியம விலகல் 5 என்றால் குறி 33.2. கலவையில் தண்ணீரைக் கண்டபடி ஊற்றாமல் நியம விலகலை 3 ஆக இறக்கிவிட்டால் குறி 29.9தான். மிச்சமாகும் சீமெந்தைக் கண்டால் கொந்தராத்துக்காரர்கூட நியம விலகல் படிக்க வந்து உட்காருவார்!