பத்துமலையைப் பெரிய ஃபிலிமில் எடுக்க எந்த லென்ஸ், எந்த ஃபிலிம்?

நம்மவர் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் பழைய தோட்டத்துப் படங்களில் தாத்தா பாட்டியின் முகம் நிஜத்தில் இருந்ததைவிடக் கறுத்திருக்கும். நெற்றிக் குங்குமம் கரும்புள்ளியாகத் தெரியும். வெயிலில் மரம் வெட்டியவர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லிவிடுகிறோம். காரணம் வெயில் மட்டுமல்ல. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கும் ஃபிலிம்களுக்கும் சிவப்பு நிறமே தெரியாது. மாநிறத் தோலில் சிவப்பும் பழுப்பும் அதிகம் என்பதால் நம் முகங்கள் கூடுதலாக இருண்டு பதிந்தன.

இந்த விஷயம் இப்போது மறுபடியும் முக்கியமாகிறது. மிகப் பெரிய ஃபிலிமில் படம் எடுக்கும் பழைய முறையில் உலகெங்கும் பலர் மீண்டும் இறங்கியிருக்கிறார்கள். 8-க்கு 10 அங்குலத்தைத் தாண்டிய எல்லாமே இந்த வகை. 11-க்கு 14 அங்குலத் தாள் ஒன்றின் பரப்பில், சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் படங்கள் 115 அடங்கும். நெகட்டிவைப் படத்தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால் போதும், பெரிதாக்க வேண்டியதில்லை. ஆகவே லென்ஸ் அபாரக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது வீசும் ஒளி வட்டம் ஃபிலிம் முழுவதையும் மூட வேண்டும், அதுதான் முதல் கேள்வி.

பத்துமலை முருகன் சிலையையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தச் சிலையின் உயரம் 42.7 மீட்டர். கீழே நின்று கேமராவை அண்ணாந்து வைத்தால் சிலை மேலே போகப்போகக் குறுகிப் பின்னால் சாய்ந்ததுபோல வரும். கைப்பேசியில் எடுத்த எல்லோருக்கும் இது தெரியும். பெரிய கேமராவில் இதற்கு வழி உண்டு. கேமராவை நேராக வைத்து, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே நகர்த்தலாம். ஆனால் அப்படி நகர்த்தும் அளவுக்கு ஒளி வட்டமும் பெரிதாக இருக்க வேண்டும்.

11-க்கு 14 தாளைச் செங்குத்தாக வைக்கிறோம். சிலை ஃபிலிமில் 28 சென்டிமீட்டர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதை நடுவில் கொண்டுவர முன்பலகையை 13 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அதற்குச் சுமார் 68 சென்டிமீட்டர் வட்டம் தேவை. அப்படிப்பட்ட லென்ஸ் கிடைப்பது அரிது. பின்னால் தள்ளி நின்று நீளமான லென்ஸ் போட்டாலும், சிலையின் அளவு அதேதான் என்றால் கணக்கு மாறாது. ஆசையைக் குறைத்து 20 சென்டிமீட்டர் போதும் என்று வைத்தால், 3 சென்டிமீட்டர் உயர்த்தினாலே தீர்ந்துவிடும். கீழே மிஞ்சும் இடத்தில் முற்றமும் புறாக்களும் மனிதர்களும் வருவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல படம். ஆளில்லாத பத்துமலையை யார் பார்த்தது?

இதற்கு வேண்டிய வட்டம் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். பலரும் விரும்பும் ஃபுஜினான்-சி 450 மில்லிமீட்டர் லென்ஸின் வட்டம் 48.6 சென்டிமீட்டர்தான். மூலைகள் இருளலாம். அதே வரிசையின் 600 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 62 சென்டிமீட்டர் வட்டம், தாராளம். 450 என்றால் சிலையிலிருந்து 96 மீட்டரில் நிற்க வேண்டும், 600 என்றால் 128 மீட்டரில். லென்ஸ் வாங்குவதற்கு முன் ஒருநாள் போய் நடந்து அளந்து, அந்த இடத்திலிருந்து சிலை மறைக்காமல் தெரிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அச்சகங்களில் பக்கங்களைப் படமெடுத்துத் தகடு செய்யப் பயன்பட்ட அப்போ-ரோனார், ஆர்டார், அப்போ-நிக்கோர் போன்ற பழைய லென்ஸ்களும் விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலானவற்றில் ஷட்டர் இருக்காது, மூடியைத் திறந்து மூடித்தான் நேரம் கணக்கிட வேண்டும். அவற்றின் வட்டத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பொருளை அதே அளவில் நகலெடுக்கும்போது கிடைக்கும் வட்டம், தூரத்துக் காட்சிக்குப் பாதியாகச் சுருங்கிவிடும். எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

இனி ஃபிலிம். இல்ஃபோர்டு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை இத்தகைய பெரிய அளவுகளுக்கு முகவர்கள் வழியாக முன்பதிவு எடுக்கிறது. அதில் கிடைக்கும் எச்பி5 பிளஸ் ஐஎஸ்ஓ 400 வேகம் கொண்டது, எல்லா நிறங்களையும் உணரும். அந்தத் தவணையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். விலையும் கையைக் கடிக்கும். அதனால் பலர் மருத்துவமனை எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் போகிறார்கள். 11-க்கு 14, 14-க்கு 17 அளவுகளில் மலிவாக வருகிறது. சிவப்பு விளக்கிலேயே படம் தோன்றுவதைப் பார்த்துக்கொண்டு கழுவலாம். இரு பக்கமும் பூச்சு இருப்பதால் எளிதில் கீறல் விழும்.

ஆனால் எக்ஸ்ரே ஃபிலிமின் கண், தாத்தா காலத்து ஃபிலிமின் கண்தான். பச்சை உணரும் வகைக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. நீலம் மட்டும் உணரும் வகையில் எடுத்தால் முருகனின் தங்க நிறமே கறுத்துவிடும். காவடி எடுப்போரின் மஞ்சள் ஆடையும் அப்படித்தான். வானமோ வெறும் வெள்ளையாகிவிடும்.

1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் இதே சிக்கலைச் சந்தித்தவர். ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலக் காகித நெகட்டிவ்களில் வேலை செய்தார். வெளுத்துப்போன வானத்துக்கு நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். கல்லுக்கு நிறம் பெரிதில்லை, அதனால் அவர் தப்பினார். முகங்கள் அப்படியல்ல.

தோட்டம் கைமாறும் முன் பழைய குடும்பங்களை எல்லாம் கோயில் முன் நிறுத்தி ஒரு படம் எடுக்க நினைக்கிறீர்களா? தாளைப் படுக்கையாக வைத்து 10 மீட்டர் அகல வரிசையை எடுத்தால், ஒவ்வொரு முகமும் அரை சென்டிமீட்டர் அகலம் வரும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லலாம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அதே முகம் அரை மில்லிமீட்டர். இதற்கு முன்பலகையை உயர்த்தத் தேவையில்லை, 450 லென்ஸே போதும், 13 மீட்டர் தூரம் போதும். மர நிழலில் எஃப் 22-ல் எச்பி5-க்குச் சுமார் 1/25 வினாடி ஆகும். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு 1/6 வினாடி வரை போகும். அதற்குள் ஒரு குழந்தையாவது தலையைத் திருப்பிவிடும். ஆகவே பழகுவதற்கும் சிலைக்கும் பச்சை வகை எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கட்டும், மனிதர்களுக்கு எச்பி5 தாளை ஒதுக்கி வையுங்கள்.

நம் ஊர் வெப்பத்தை மறக்க வேண்டாம். கழுவும் கரைசல்களின் நேரக் கணக்கு பெரும்பாலும் 20 டிகிரிக்குத் தரப்படுகிறது. நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியைத் தொடும். கரைசல் பாத்திரத்தை ஐஸ் போட்ட பெரிய தட்டில் வைத்துக் குளிர வைக்கலாம். ஃபிலிமைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் எடுத்தவுடன் பிரிக்காமல் சில மணி நேரம் வெளியில் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும். லென்ஸுக்குப் பூஞ்சைதான் எமன். பழையது வாங்கும்போது பின்புறமிருந்து டார்ச் அடித்து, உள்ளே வலைபோல ஏதும் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.