கழுத்தில் அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன்

சாலையில் விபத்து என்றதும் ஓடிவருகிறவர்கள், கீழே கிடப்பவரைத் தூக்கி உட்காரவைத்து, ஹெல்மெட்டைப் பிடுங்கி, வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலிலேயே தண்டுவடம் நசுங்கிவிடலாம். கழுத்தின் மேற்பகுதியில் தண்டுவடம் சிதைந்தால் கைகால் மட்டுமல்ல, மூச்சும் நின்றுபோகும். ‘விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தைக் கோல்டன் ஹவர் என்கிறார்களே, காத்திருக்கலாமா?’ என்று கேட்கலாம். வண்டி தீப்பிடிக்கிறது, மூச்சு இல்லை என்றால் நகர்த்தத்தான் வேண்டும், உயிர்தான் முதலில். மற்றபடி 108-ஐ அழைத்துவிட்டு, தலை அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருங்கள். ஆட்டோவில் மடக்கிப் போட்டு ஏற்றாதீர்கள்.

அடுத்த தவறு மருத்துவமனையில் நடக்கிறது. ‘நடந்துதானே வந்தார்’ என்று ஒரு எக்ஸ்ரே எடுத்து, காலர் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். கழுத்தெலும்பு முறிந்தவரும் நடப்பார். பின்கழுத்தின் நடுவில் அழுத்தினால் வலிக்கிறதா, கைகால் மரத்திருக்கிறதா, பலம் குறைந்திருக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா, குடித்திருக்கிறாரா, கழுத்து வலியை மறைக்கும் அளவுக்கு வேறு பெரிய காயம் உண்டா என்று பார்த்தாக வேண்டும். ஒன்று சந்தேகமாக இருந்தாலும் படம் பார்க்காமல் காலரைக் கழற்றக் கூடாது. எக்ஸ்ரேயில் கழுத்தின் 7 எலும்புகளும், அதற்குக் கீழே மார்புப் பகுதி முதுகெலும்பின் முதல் எலும்பும் தெரிய வேண்டும். தோள் மறைத்த படத்தை ‘நார்மல்’ என்பது படிக்காத தாளுக்கு மதிப்பெண் போடுவதுதான். அப்போது சி.டி. ஸ்கேன் கேளுங்கள். எல்லோருக்கும் ஸ்கேன் என்றால் செலவும் கதிர்வீச்சும் வீண்தானே என்பது நியாயமான கேள்வி. யாருக்குத் தேவையில்லை என்று பிரித்துச் சொல்லத்தான் 2001-இல் கனடா மருத்துவர்கள் ஒரு விதிமுறையே வகுத்தார்கள். அதன்படி 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குப் படம் கட்டாயம்.

பணத்துக்குப் பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட எவருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. சேர்க்கும்போதே திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் விபத்து நடந்த விதத்தோடு கழுத்து வலி, மரத்துப்போனது எல்லாம் எழுதப்பட்டதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு வழக்கில் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. தூக்கிவந்தவர் போலீசுக்குப் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. பெயர், முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு கை மரத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். தலையை அசைக்காமல் படுக்கவைத்து, மறுபடியும் 108-ஐயே அழையுங்கள்.